பள்ளத்தில் 'வாரேன்' சொல்லக் கூடாது

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது "வாரேன்" என்பார். கூப்பிட்டவரை நோக்கி நடந்து வரும்போதும் "வாரேன்" என்பார். கிளம்பவும் இல்லை, நடக்கவும் இல்லை, கட்டிலில் படுத்தபடியே கிடக்கிறார் என்றாலும் "இந்தா வாரேன்" என்பார். போகிறேன், வருகிறேன், இப்போதைக்கு வருவதாக இல்லை என்ற மூன்றுக்கும் ஒரே சொல்தான். சவூதிக்குப் போன என் அண்ணன் விமான நிலைய வாசலில் "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். அடுத்து நான் அவரைப் பார்த்தபோது தலையில் பாதி முடியைக் காணோம்.

வீட்டில் இதனால் ஒரு குழப்பமும் வராது. சுண்ணாம்புக்கல் குவாரியில் வரும். வேலைக்காலம் முழுவதும் அங்கேயே கழித்தவன் நான். வெடிமருந்து எனக்குக் கொடுத்த தொல்லையைவிட இந்த ஒற்றைச் சொல் கொடுத்த தொல்லை அதிகம்.

போன மாதம் ஒரு குவாரியில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். ஓய்வு பெற்ற ஃபோர்மேன் என்று என்னையும் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி எழுந்து, "சார், உங்க பழைய குவாரியில மட்டும் பள்ளத்த விட்டு ஏறுறவுக எல்லாம் 'போறேன்'னு கத்துறாகளே, அது எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று கேட்டார். சட்டத்தில் இல்லை தம்பி, அது ஒரு மேனேஜர் போட்ட உத்தரவு என்று ஆரம்பித்தேன். அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். என் கையில் ஒரு டிபன் பாக்ஸைக் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்பு வாரம் என்றால் டிபன் பாக்ஸ் கொடுப்பது எங்கள் தொழிலின் வழக்கம். என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் நான் எத்தனை வருடம் உயிரோடு தப்பித்தேன் என்று எண்ணிவிடலாம். மேடையில் முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பெரியபட்டினம். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளையாகப் பிறந்தால் கடல் தாண்ட வேண்டும். எனக்கோ படகைப் பார்த்தாலே குமட்டும். "ஊரே ஆகாயத்துல பறக்குது, இவன் ஒருத்தன் பள்ளத்தத் தேடிப் போறான்" என்று வாப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளத்தில் ஆட்களைக் கண்காணிக்கும் மேட் வேலைக்குத் தேர்வு எழுதினேன், பிறகு ஃபோர்மேன் தேர்வு எழுதினேன், நடுவில் கல்யாணமும் நடந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

குவாரி சாயல்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சுற்றிலும் பனையும் உடைமரமும்தான். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே கெட்டியான கல்தட்டு, அதற்கும் கீழே வெள்ளைவெளேர் என்று நல்ல சுண்ணாம்புக்கல். பள்ளத்திலிருந்து வெளியே ஏற இரண்டு சரிவுகள் உண்டு, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. காலையில் பாறையில் துளை போடுவார்கள். மதியத்துக்கு மேல் துளைகளில் மருந்து நிரப்பி, ஆட்களை வெளியேற்றி, வெடி போடுவோம்.

ஆட்களை வெளியேற்றுவதுதான் என் வேலை. சங்கு ஊதியதும் நான்கு பக்கப் பாதைகளிலும் சிவப்புக் கொடியோடு ஆள் நிற்க வேண்டும். ஆடு மேய்ப்பவர்களைக் கெஞ்சி, அவர்கள் ஆடுகளைத் திட்டி, எல்லோரையும் தூரமாக அனுப்ப வேண்டும். பிறகு நான் கிழக்கு விளிம்பில் நின்றுகொண்டு துளை போடும் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். கீழேயிருந்து பதில் வரும். என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்படி இருந்த இடத்துக்கு மேனேஜராக வந்து சேர்ந்தவர் பரஞ்சோதி சார். ஒல்லியான மனிதர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. திட்டினால்கூடப் பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்காது. திட்டு வாங்குபவர்தான் குனிந்து காதைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஸ்டாண்டு போட்டாயிற்றா என்று குனிந்து பார்ப்பார். நான்கு அடி நடந்த பிறகு திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பார். நாம் எதைச் சொன்னாலும் மெதுவாக, "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். மழை வரும் போலிருக்கிறது சார் என்று பேச்சுக்குச் சொன்னால்கூட அந்தக் கேள்வி வந்துவிடும். நாங்கள் அவருக்கு 'எப்படித்தெரியும் சார்' என்றே பெயர் வைத்திருந்தோம். அது அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று மட்டும் நான் கேட்டதில்லை.

அவர் வந்த புதிதில் ஒருநாள், எல்லாப் பெயரையும் கூப்பிட்டு எல்லாப் பதிலையும் வாங்கிக்கொண்டு, ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று கொடியைத் தூக்கப் போனேன். மேனேஜர் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எப்படித் தெரியும்?"

"எல்லாரும் வாரேன்னு சொல்லிட்டாங்க சார்."

"வர்றேன்னு சொன்னவங்க போயிட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காமல் பள்ளத்தின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு மஞ்சள் ஹெல்மெட் நிதானமாக ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தது. அது மூன்றாவது வகை 'வாரேன்'. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஒட்டப்பட்டிருந்தது. பள்ளத்துக்குள் 'வாரேன்' என்ற சொல் தடை செய்யப்படுகிறது. வெளியேறுகிறவர் தன் பெயரையும் எந்தப் பக்கம் ஏறுகிறார் என்பதையும் சொல்லி, 'போறேன்' என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

குவாரியே கொதித்துப்போனது. சேலை கட்டிக்கொண்டு வேலைக்கு வரச் சொன்னால்கூட எங்கள் ஆட்கள் யோசித்துப் பார்த்திருப்பார்கள். வெடி போடும் நேரத்தில், பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, பெயரையும் சொல்லி, 'போறேன்' என்று சொல்வதா? எமனுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பது போல அல்லவா இருக்கிறது? சாப்பாட்டு நேரத்தில் கூடி மாற்றுச் சொல் தேடினார்கள். ஒருவர் 'கிளம்பிட்டேன்' என்றார். அது சாவு வீட்டில் சொல்வது என்று இன்னொருவர் தள்ளிவிட்டார். 'ஏறிட்டேன்' என்பது பனையேறிக் குடும்பத்து ஆட்களுக்குப் பிடிக்கவில்லை, ஏறினவன் எல்லாம் இறங்கியா வந்தான் என்று கேட்டார்கள். கிரிக்கெட் ஆடுகிற ஒருவர் 'அவுட்' என்று சொல்லலாம் என்றார். அவரை எல்லோரும் சேர்ந்து அடிக்கப் போனார்கள். கடைசியில் முனகிக்கொண்டே 'போறேன்' சொல்லப் பழகினார்கள். நான்கூட மனதுக்குள் 'அல்லாஹ் காவல்' என்று சேர்த்துக்கொண்டுதான் சொல்வேன்.

முனியசாமி மட்டும் சொல்லவில்லை. துளை போடுவதில் அவர் கை சுத்தம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், என்னை 'பாய்' என்று கூப்பிடுவார். அவருடைய அய்யா பனையேறி. ஒருநாள் காலையில் வீட்டில் ஏதோ சண்டை. கோபத்தில் வாசலில் நின்று "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. இதை முனியசாமி மேனேஜரிடம் சொல்லவே இல்லை. அவருடைய மனைவி இருளாயிதான் சொன்னார், அதுவும் குவாரிக்கே நேரில் வந்து.

"எம் புருசன அந்த வார்த்தையச் சொல்லச் சொன்னா நான் இங்கனயே உக்காந்துருவேன், ஆமா" என்றார் இருளாயி.

மேனேஜர் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். "உக்காருங்கம்மா. வீட்டுல அவர் என்ன வேணா சொல்லட்டும். பள்ளத்துல மட்டும்தான்."

"பள்ளத்துலதான் சார் சொல்லக் கூடாது! வீட்டுல சொன்னா நான் வாயப் பொத்திருவேன். பள்ளத்துல யாரு பொத்துவா?"

மேனேஜர் ஒரு ஏற்பாடு செய்தார். முனியசாமி வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் தினமும் கிழக்குச் சரிவு வழியாகவே ஏறி, என் முன்னால் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். அவர் முகத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் கொடியைத் தூக்கக் கூடாது. இருளாயி அதற்குச் சம்மதித்தார். அன்றிலிருந்து முனியசாமி ஏறி வந்து, என் மூக்குக்கு முன்னால் தன் மூக்கை நீட்டி, "பாத்துக்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் பீடி நாற்றம் எனக்குப் பழகிப்போனது.

இன்னொரு சண்டையும் நடந்துகொண்டே இருந்தது, நிழலுக்காக. அந்த வெயிலை அனுபவித்தவர்களுக்குத்தான் இது புரியும். கீழே இருக்கும் வெள்ளைக் கல்லை மட்டும் சிலர் தோண்டி எடுத்துவிடுவார்கள். மேலே இருக்கும் கெட்டித்தட்டு தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதைக் குடைவு என்போம். குடைவுக்குக் கீழே போகக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஆனால் பள்ளத்திலேயே குளுகுளுவென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான். மேனேஜர் மேலே ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுத்தார், பானையில் தண்ணீர் வைத்தார். ஆட்கள் கொட்டகையில் மேனேஜர் பார்க்கும்படி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அவர் தலை மறைந்ததும் குடைவுக்குப் போய்விடுவார்கள். நான் விரட்டுவேன். "இந்தா வாரேன்" என்பார்கள்.

ஒரு சித்திரை மாதத்தில் அது நடந்தது. துளைகளில் மருந்து நிரப்பியாயிற்று. சங்கு ஊதியாயிற்று. ஒவ்வொருவராகப் பெயரும் திசையும் சொல்லி 'போறேன்' என்று ஏறினார்கள். மேற்கே டிப்பர் லாரி கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. லாரிதான் என்று எல்லோரும் நினைத்தோம். முனியசாமியின் மூக்கு மட்டும் என் முன்னால் வரவில்லை.

"மேற்கால ஏறிப் பீடி குடிக்கப் போயிருப்பாரு" என்றார் வெடிகாரர். வயர்களை இணைத்து, வெடிப்பெட்டியில் சாவியைப் போட்டுத் தயாராக நின்றார். "அவருதான் என்னைக்குமே சொல்ல மாட்டாரே."

"சொல்லாதது வேற, காணாதது வேற" என்றார் மேனேஜர். வெடிகாரரிடமிருந்து சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். பெட்டியிலிருந்து வயர்களைக் கழற்றச் சொன்னார். தவறிக்கூட மின்சாரம் பாயாமல் இருக்க இரண்டு முனைகளையும் ஒன்றாக முறுக்கினார்களா என்று குனிந்து பார்த்தார். மருந்து நிரப்பிய பாறைக்குப் பக்கத்தில் யாரும் செல்போனை வைத்திருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் வாங்கி மேலே வைக்கச் சொன்னார். பிறகுதான் நாங்கள் நான்கு பேர் இறங்கினோம்: அவர், நான், வெடிகாரர், ஜாக்கியோடு ஒரு லாரி டிரைவர்.

மேற்கு மூலையில் குடைவின் ஒரு பகுதி இடிந்து கிடந்தது. வெள்ளைத் தூசிக்குள் ஒரு கை மட்டும் அசைந்தது. நான் ஓடினேன். பின்னாலிருந்து என் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"காதர், மேல பாருங்க" என்றார் மேனேஜர், எப்போதும் போல மெதுவாக.

"சார், அவரு அங்கன கெடக்காரு!"

"நீங்களும் கெடந்தா நான் ரெண்டு பேரத் தூக்கணும்."

மேலே பார்த்தேன். இடியாமல் மிச்சமிருந்த தட்டில் விரல் நுழைகிற அளவு விரிசல் ஓடியிருந்தது. மேனேஜர் ஒரு சின்னக் கல்துண்டை எடுத்து அந்த விரிசலில் செருகினார். "இது கீழ விழுந்தா விரிசல் விரியுதுன்னு அர்த்தம். நான் கையத் தட்டுவேன். எதையும் யோசிக்காம ஓடணும்." அந்தத் துண்டுக் கல்லைப் பார்த்தபடியே நின்றார், வேறு எங்கும் பார்க்கவில்லை. நாங்கள் லாரியிலிருந்து கொண்டுவந்த கட்டைகளைத் தட்டுக்குக் கீழே முட்டாகக் கொடுத்தோம். பிறகு முனியசாமியின் காலை அழுத்திக்கொண்டிருந்த பலகைக் கல்லுக்கு அடியில் ஜாக்கியை வைத்தோம். கொஞ்சம் ஏற்றுவது, ஏறிய இடைவெளியில் கல்லைத் திணிப்பது, மறுபடியும் கொஞ்சம் ஏற்றுவது. அவசரப்பட்டால் ஜாக்கி நழுவி, கல் மறுபடி காலில் உட்கார்ந்துவிடும். எனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் கலந்து ஓதிக்கொண்டிருந்தேன்.

முனியசாமி கண்ணைத் திறந்தார். முகம் முழுக்கச் சுண்ணாம்பு. வெள்ளையடித்த சுவரில் இரண்டு கண் வரைந்தது போல இருந்தது.

"பாய்... தூக்குவாளி நசுங்கிருச்சா?"

குளுமையாக இருக்கட்டும் என்று கஞ்சித் தூக்குவாளியைக் குடைவுக்குள் வைத்திருக்கிறார். அதை எடுக்கத்தான் போயிருக்கிறார்.

"பேசாமக் கெட முனியசாமி" என்றேன்.

"இருளாயி கேப்பா பாய்."

கல் உயர்ந்ததும் அவரைப் பலகையில் கிடத்தி, காலைக் கட்டைவைத்துக் கட்டி, மேற்குச் சரிவு வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். முழங்காலுக்குக் கீழே இருந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ரத்தம் நிறையப் போயிருந்தது. அவர் கை மீன் போலச் சில்லிட்டிருந்தது. இந்த மனிதன் பிழைக்க மாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. மேலே இருந்தவர்கள் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் வந்து நின்றது. எல்லோரும் சுற்றி நின்றோம்.

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும் நேரத்தில் முனியசாமி தலையைத் திருப்பி மேனேஜரைத் தேடினார். அவர் உதட்டில் ஒரு குறும்பு தெரிந்தது. நாங்கள் இத்தனை வருடம் கேட்காத சொல்லை, உத்தரவில் இருந்தபடியே, பெயரும் திசையும் சேர்த்துச் சொன்னார்.

"முனியசாமி... மேற்கே... போறேன் சார்."

"யோவ்!" என்று ஒரு சத்தம் எழுந்தது. யார் கத்தியது என்று முதலில் புரியவில்லை. மேனேஜர் பரஞ்சோதி ஆம்புலன்ஸ் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "வாரேன்னு சொல்லுய்யா! வாரேன்னு சொல்லு!" தூரத்தில் கொடி பிடித்து நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

முனியசாமி இருமினார். வாயிலிருந்து தூசி வந்தது. "தடைன்னு... போர்டுல போட்டீகளே சார்."

"நான் சொல்றேன்யா. சொல்லு."

"வாரேன் சார்."

கதவு சாத்தப்பட்டது. ராமநாதபுரம் பக்கமாக வண்டி போவதை மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தூசிதான் காரணம் என்று நான் மற்றவர்களிடம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நானும் அழுதுகொண்டுதான் சொன்னேன்.

ஆனால் மருந்து நிரப்பிய துளைகள் அப்படியே இருந்தன. அவற்றை அப்படி விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. பொழுது சாய்வதற்குள் வெடித்தாக வேண்டும். மறுபடியும் சங்கு ஊதினோம். மறுபடியும் வயர்களைச் சரிபார்த்தோம். சரிபார்க்க இறங்கிய ஒவ்வொருவரும் ஏறும்போது உரத்த குரலில் 'போறேன்' என்றார்கள். ஒருவர்கூட முனகவில்லை. கடைசியாக ஏறியவர் மேனேஜர்.

"பரஞ்சோதி, கிழக்கே" என்றார். அதோடு நின்றுவிட்டார். அடுத்த சொல் அவருக்கு வரவில்லை.

வெடிகாரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "சார், கேக்கல" என்றார் மரியாதையாக.

"போறேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா, சார்."

"போறேன்யா!" என்றார் மேனேஜர். வெடி போட்டோம். எந்தத் துளையும் வெடிக்காமல் தங்கவில்லை என்று நானும் வெடிகாரரும் சுற்றிப் பார்த்து உறுதி செய்த பிறகே எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம். கேட்டைத் தாண்டியதும் ஒருவருக்கொருவர் 'வாரேன்', 'வாரேன்' என்று சொல்லிக்கொண்டோம். வழக்கத்தைவிட அதிகமாகவே சொன்னோம்.

மறுநாள் காலையில் யாரும் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. அலுவலக வாசலில் நின்றுகொண்டு மேனேஜரின் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடித்ததும் அவர் எடுக்கத் தயங்கி, என்னிடம் நீட்டினார். நான் சத்தத்தைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தேன். இருளாயி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்.

"பாய், சார் இருக்காகளா? ஆப்பரேசன் முடிஞ்சுருச்சு. காலு வளைஞ்சுதான் இருக்குமாம், ஆனா எடுக்க வேண்டியதில்லைன்னுட்டாக. இப்பத்தான் கண்ணு முழிச்சாக. முழிச்சதும் என்னையப் பாத்து ஒண்ணும் பேசல, சாருக்குப் போன் போடுன்னாக."

"என்னவாம்மா?" என்று மேனேஜர் குனிந்து கேட்டார்.

"வந்துட்டேன்னு சொல்லச் சொன்னாக சார்."